அப்பா மஸ்கட்டில்தான் இருக்கிறார்

ஹம்சினிக்குப் பொய் சொல்ல வராது. அவள் ரொம்ப நல்ல பெண் என்பதால் அல்ல. பொய் சொல்ல வாயைத் திறந்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். வீட்டுப்பாட நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று ஒருமுறை வகுப்பில் சொல்லப் போனாள். "ஆடு" என்று சொல்லி முடிப்பதற்குள் சிரித்து மாட்டிக்கொண்டாள்.

அதனால் அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மா சொன்ன வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாக்காளர் பட்டியலுக்கு வூடு வூடா வர்றாங்க. அப்பா எங்கன்னு கேட்டா, வேலையா சென்னைக்குப் போயிருக்காருன்னு சொல்லிடு. இன்னா?"

"அப்பா மஸ்கட்ல தானம்மா கீறாரு?"

"எனக்குத் தெரியாதா? வெளிநாடுன்னு சொன்னா பேர அடிச்சிடுவாங்களாம். சதாசிவம் மாமா சொன்னாரு."

எதிர்வீட்டுச் சதாசிவம் மாமாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா சங்கரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் வேலை பார்த்தார். எட்டரை மணி பேருந்தைப் பிடிக்க வேண்டும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சென்னை. மறந்துடாத" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு ஓடினார்.

ஹம்சினியின் அப்பா உப்பிலி, முன்பு நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை செய்தவர். அதே மாதிரி ஓர் ஆலையில் வேலை கிடைத்து மஸ்கட்டுக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஹம்சினிக்கும் வயது பத்துதான். அப்பா என்றால் அவளுக்கு முக்கால்வாசி நேரம் கைப்பேசிதான்.

பதினோரு மணிக்கு ஷபானா டீச்சர் வந்தார். அவர் அங்கன்வாடி டீச்சர். பட்டியல் வேலையையும் அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். கையில் கட்டுக் காகிதம், தலைக்கு மேல் வெயில், முகத்தில் களைப்பு.

"உங்க அப்பா எங்க ஹம்சினி?"

"சென்..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாடி சிரிக்கிற?"

ஷபானா டீச்சர் அவளுக்கு மூன்று வயதில் மூக்கு துடைத்துவிட்டவர். அவரிடம் போய் எப்படிப் பொய் சொல்வது?

"மஸ்கட்ல கீறாரு டீச்சர். பத்து வருசமா."

டீச்சர் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். "இன்னும் நாப்பது வூடு பாக்கி கீது" என்று பெருமூச்சு விட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்துப் பள்ளிக்கூடச் சுவரில் வரைவுப் பட்டியலை ஒட்டினார்கள். வரைவு என்றால் முடிவானது இல்லை, தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அவர்கள் வீட்டு எண்ணுக்கு நேராகச் சங்கரி என்று இருந்தது. உப்பிலி என்று இல்லை. ஹம்சினி விரலை வைத்து மூன்று முறை தேடினாள். விரல் அழுக்கானதுதான் மிச்சம்.

அன்றிரவு வீடியோவில் அப்பாவிடம் அம்மா விஷயத்தைச் சொன்னார். அப்பா கோபப்படவில்லை. கையில் இருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். அதைப் பார்க்கத்தான் ஹம்சினிக்குத் தாங்கவில்லை.

"ஒவ்வொரு தேர்தலுக்கும் லீவ சேத்து வெச்சி வருவேன்" என்றார் அப்பா கடைசியில். "இந்த வாட்டியும் டிக்கெட் போட்டாச்சி. இங்க எனக்குப் பேரே இல்ல, வெறும் ஐடி கார்டு நம்பர்தான். அங்கதான் என் பேர் எழுதி வெச்சிருந்தாங்க. அதுவும் போச்சா?"

"நான்தாம்ப்பா சொல்லிட்டேன்" என்றாள் ஹம்சினி. மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

"நீ அழாத கண்ணு. இல்லாததையா சொன்ன?" என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

மறுநாள் சதாசிவம் மாமா ஆலோசனையோடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல முகாம் கீது. ஆறாம் நம்பர் ஃபார்ம வாங்கு. இங்கதான் குடியிருக்கான்னு எழுது. புதுசா பேர் ஏறிடும். சுளுவான வேலை!"

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் ஹம்சினியும் போனார்கள். நல்ல கூட்டம். ஆறாம் எண் படிவம் கைக்கு வந்ததும் ஹம்சினி அதை ஒரு வரி விடாமல் படித்தாள். அவளுக்கு எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கம். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள்.

"அம்மா, இதுல நான் இந்த விலாசத்துலதான் குடியிருக்கேன்னு போட்டிருக்கு. பொய் சொன்னா தண்டனைன்னும் போட்டிருக்கு."

அம்மா பேனாவை மூடினார். "அப்ப இன்னாதான்டி பண்றது? உங்க அப்பா இந்த ஊரே இல்லன்னு வுட்டுட்டுப் போயிடலாமா?"

ஹம்சினி சுற்றிலும் பார்த்தாள். ஷபானா டீச்சரின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் அறிவிப்பு தொங்கியது. எந்த வேலைக்கு எந்தப் படிவம் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். பெயர் சேர்க்க 6. பெயர் நீக்க 7. திருத்த, வீடு மாற 8. கூட்டத்தில் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இன்னொரு வரி இருந்தது. நாற்காலியின் முதுகு அதைப் பாதி மறைத்தது.

ஹம்சினி குனிந்து, சாய்ந்து, கழுத்தை வளைத்துப் படித்தாள்.

"டீச்சர், 6A யாருக்கு?"

"எது?"

"உங்க நாற்காலிக்குப் பின்னால டீச்சர். வெளிநாட்டுல வாழும் இந்தியக் குடிமக்கள்னு போட்டிருக்கு."

ஷபானா டீச்சர் திரும்பிப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அட ஆமா! எனக்குப் பயிற்சியில சொன்னாங்க. இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட இந்த ஃபார்ம கேட்டதில்ல. நானும் மறந்தே போனேன்." டீச்சர் பைக்குள்ளிருந்து ஒரு கையேட்டை எடுத்துப் புரட்டினார். "சங்கரி, உன் வூட்டுக்காரர் வேற நாட்டுக் குடியுரிமை எதுனா வாங்கிட்டாரா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர். வேலைக்குத்தான் போயிருக்காரு."

"பாஸ்போர்ட்ல எந்த விலாசம் கீது?"

"இந்த வூட்டு விலாசம்தான்."

"அப்ப அவரு பேரு இதே ஊர்ல ஏறும். ஆனா ஓட்டுப் போட நேர்லதான் வரணும். தபால்ல, போன்ல எல்லாம் ஆவாது. பாஸ்போர்ட்டையே கையில எடுத்துகினு வரணும்."

"அவரு எப்பவும் நேர்லதான் டீச்சர் வருவாரு!" என்றாள் ஹம்சினி. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அங்கேயே ஹம்சினியின் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார். ஹம்சினிக்கு ஒரே வெட்கம். அவள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

படிவத்தை அப்பா மஸ்கட்டில் இருந்தே கைப்பேசியில் நிரப்பினார். நிரப்பினார் என்று சொல்வது சுலபம். முதலில் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தார். விலாசத்தின் மேலே அவருடைய கட்டைவிரல். இரண்டாவது படத்தில் விலாசம் இருந்தது, மேலே டியூப் லைட்டின் வெளிச்சம். மூன்றாவது தலைகீழ்.

"ப்பா, ஆலையில இத்தினி மெஷின் ஓட்டுற. ஒரு போட்டோ எடுக்க வராதா?"

"மெஷின் என்னைத் திட்டாது பாப்பா. நீ திட்டுற."

ஒன்பதாவது படம் நன்றாக வந்தது. விசா பக்கமும் சேர்ந்து போனது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலையில் ஷபானா டீச்சர் விசாரணைக்கு வந்தார். சொன்னது எல்லாம் சரிதானா என்று வீட்டுக்கே வந்து பார்த்து எழுத வேண்டுமாம். அம்மா நாற்காலி போட்டார். டீச்சர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"கேக்கணும்னு சட்டம், அதனால கேக்கறேன். உப்பிலி இப்ப எங்க கீறாரு?"

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் எதிர்வீட்டில் இருந்து ஒரு குரல் வந்தது.

"சென்னையில!" சதாசிவம் மாமா வேகமாகத் தெருவைக் கடந்து வந்தார். "வேலையா போயிருக்கான் டீச்சர். நேத்துகூட நான் பாத்தேனே. ராத்திரி வந்துடுவான். எழுதிக்குங்க!"

அவர் ஹம்சினியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். காப்பாற்றிவிட்டாராம்.

டீச்சரின் பேனா நின்றுவிட்டது. "இன்னா சங்கரி இது? வெளிநாட்டுல கீறாருன்னு ஃபார்ம் வந்திருக்கு. இவரு நேத்து பாத்தேன்றாரு. நான் எத எழுதறது?"

அம்மா தவிப்போடு மாமாவைப் பார்த்தார். பெரியவரை எல்லார் முன்னாலும் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? இப்போது பேசாமல் இருந்தால் அப்பாவின் பெயர் இரண்டாவது முறையும் போய்விடும்.

"மாமா எங்களுக்கு நல்லது பண்ணத்தான் அப்படிச் சொல்றாரு டீச்சர்" என்றாள். "முன்னாடி வெளிநாடுன்னு சொன்னதாலதான் பேரு போச்சி. அதான் பயந்துட்டாரு. அப்பா மஸ்கட்லதான் இருக்காரு. இருங்க, அவரையே கேளுங்க."

கைப்பேசியில் அப்பாவைக் கூப்பிட்டாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகுதான் அப்பா எடுத்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், காதில் பஞ்சு, பின்னால் தடித்தடியாக நீலக் குழாய்கள். ஒரே இரைச்சல்.

"இன்னா பாப்பா, வேலை நேரத்துல?" என்று கத்தினார் அப்பா. பிறகு டீச்சரைப் பார்த்துவிட்டு அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

"ஹெல்மெட்ட போடுப்பா, உங்க சூப்பர்வைசர் திட்டப் போறாரு!" என்றாள் ஹம்சினி.

ஷபானா டீச்சர் சிரித்துவிட்டார். எழுதி முடித்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது சதாசிவம் மாமாவிடம், "நேத்து நீங்க பாத்தது யாருன்னு நான் கேக்கல" என்றார்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று பார்க்கிறாராம்.

அடுத்த நாள் காலை, ஹம்சினி பள்ளிக்குக் கிளம்பும்போது மாமா வாசலிலேயே காத்திருந்தார்.

"ஹம்சினி, என் பையன் விஷால் சிங்கப்பூர்ல கீறான் இல்ல? நான் ஒவ்வொரு வாட்டியும் அவன் கருங்குழியில மாமனார் வூட்ல கீறான்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்த 6A எங்க கெடைக்கும்?"

"சொல்றேன் மாமா. ஆனா பாஸ்போர்ட்ட விஷால் அண்ணனையே போட்டோ எடுக்கச் சொல்லுங்க. விரல வெக்காம."

முடிவான பட்டியல் வந்தபோது வீட்டு எண்ணுக்கு நேராக மறுபடியும் சங்கரி மட்டும்தான். ஹம்சினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவள்தான் எதையும் முழுசாகப் படிப்பவள் ஆயிற்றே. பக்கம் பக்கமாகப் போனாள். கடைசிப் பக்கத்தில், வெளிநாடு வாழ் வாக்காளர்கள் என்று தனித் தலைப்பு. அதன் கீழே இரண்டே பெயர்கள். உப்பிலி. விஷால்.

லீவில் வந்திருந்த அப்பா, தேர்தல் அன்று காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பள்ளிக்கூட வாசலில் எல்லார் கையிலும் வாக்காளர் அட்டை இருந்தது. அப்பா கையில் மட்டும் பாஸ்போர்ட். வரிசையில் நின்றவர்கள், "ஓட்டுப் போட்டுட்டு அப்படியே ஃபிளைட் ஏறப் போறியா உப்பிலி?" என்று கிண்டல் செய்தார்கள்.

அம்மா பெண்கள் வரிசையில் சீக்கிரமே ஓட்டுப் போட்டு வந்துவிட்டார். சிறுவர்கள் உள்ளே போகக்கூடாது. ஹம்சினி தெருமுனையில் அம்மாவோடு நின்றாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்பாவுக்குப் பின்னால் நின்றவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள்.

"இன்னா ஆச்சோ தெரியலயே" என்றார் அம்மா.

ஒருவழியாக அப்பா வந்தார். ஒரு கையில் பாஸ்போர்ட். இன்னொரு கையின் விரலில் மை.

"ஏன்ப்பா இவ்ளோ நேரம்?"

"வூட்டு நம்பர்ல தேடிட்டு, உங்க பேரு இல்லியேன்னாரு. கடைசிப் பக்கத்தப் பாருங்க சார்னேன். பாத்தாரு, கீது! அப்பறம் பாஸ்போர்ட்ட வாங்கி, படத்தையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு."

அப்பா பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பத்து வருசமா இத காட்டிக் காட்டி ஊர வுட்டுப் போயிகினு இருந்தேன் பாப்பா. இன்னைக்குத்தான் இத காட்டி, நான் இந்த ஊர்க்காரன்னு சொன்னேன்."

ஏர்போர்ட்டில் இருந்து வந்ததும் அம்மா அதை எப்போதும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அன்று அதைக் கேட்டு வாங்கவில்லை. சாயங்காலம் கடற்கரைக்குப் போனபோதும் அது அப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்தது.