அறைச் சத்தம்

வெள்ளம் வடிந்த பத்தொன்பதாம் நாள், காலை பத்து மணிக்கு, என் வீட்டுக்குள் நான் மூன்றாவது ஆளாக நுழைந்தேன். முதலில் காமிராவோடு என் நாத்தனாரின் கணவர் போனார். அவர் பின்னால் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நாத்தனார். தண்ணீர் தள்ளித் திறந்த வாசற்கதவு ஊறிப் பருத்து, பாதியில் தரையைக் கவ்வி நின்றது. பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது.

உள்ளே சேற்று நாற்றம். ஊறிய துணி, ஊறிய அரிசி, ஊறிய காகிதம் எல்லாம் அதில் கலந்து புளித்திருந்தன. சுவரில் என் தலைக்கு ஒரு சாண் மேலே ஒரு பழுப்புக் கோடு, நூல் பிடித்துப் போட்டதுபோல், அறையைச் சுற்றி ஓடியது. தண்ணீர் நின்ற உயரம் அது. அதற்கும் மேலே இருந்த பரணில்தான் அன்று நான் உட்கார்ந்திருந்தேன். ஓட்டைப் பிரித்து அங்கிருந்துதான் என்னைத் தூக்கினார்கள்.

கோட்டுக்குக் கீழே பின்கதவு. நான் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே துருப்பிடித்திருந்தது.

எங்கள் தெரு ஆற்றங்கரை மேட்டுக்கு அந்தப் பக்கம். முப்பத்தோரு வீடுகள். சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள் மேட்டின் மேலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பட்டியலில் தெரு இல்லை. நகரத்து ஆசிரியர் சங்கம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பியது: உங்கள் கதையைப் பத்து நிமிடப் படமாக எடுத்து வாருங்கள், எங்கள் அரங்கத்தில் போட்டுக் காட்டுகிறோம், பார்ப்பவர்கள் மனம் இரங்கினால் வீடு கட்ட உதவி கிடைக்கும் என்று.

தெருவில் காமிரா வைத்திருந்தவர் நாத்தனாரின் கணவர் ஒருவர்தான். கல்யாண வீடியோ எடுப்பவர். மணமக்களைப் பார்த்து ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்லிச் சொல்லி, அவர் பெயரே தெருவில் ‘சிரிங்க’ ஆகிவிட்டது. முதல் நாள் மளிகைக் கடைக்கார அம்மாவை இடிந்த கடை முன்னால் நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் அதையே சொல்லிவிட்டார். அந்த அம்மா இடுப்பில் கைவைத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“எல்லாத்தையும் தண்ணி கொண்டுபோச்சு. பல்லு ஒண்ணுதான் மிச்சம். இந்தா, நல்லா எடுத்துக்கோ” என்று ஈயென்று காட்டினார்.

பல நாளுக்குப் பிறகு தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததற்காக அன்று முழுவதும் எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கல்யாண வீடியோவில் பேச்சு, சத்தம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்களாம். அதனால் ஒலிப்பதிவு அவருக்குப் புது வித்தை. யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். எந்த அறைக்கும் தனியாக ஒரு சத்தம் உண்டு. ஆள் பேசி முடித்ததும் எல்லோரும் அசையாமல் நின்று, வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு அதைப் பேச்சுக்கு அடியில் விரித்தால்தான் வெட்டிய இடம் காதில் இடறாது. இதற்கு ‘அறைச் சத்தம்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒரு வீட்டைக்கூட விடவில்லை. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பது நாத்தனாரின் வேலை.

தெருவில் உயிர்ச்சேதம் ஒன்றுதான். என் கணவர். மோட்டார் பழுது பார்ப்பவர். அன்று சாயங்காலம் நான்கு மணிக்குத் தண்ணீர் தெருவில் ஏறியதும், பின்வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த தபால்காரரைத் தூக்கி மாடி வீட்டில் சேர்க்கப் பின்கதவு வழியாகப் போனார். சேர்த்தும் விட்டார். அதன்பிறகு யாரும் அவரை உயிரோடு பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மதகுக் கம்பியில் கிடைத்தார். ஆகவே படத்தில் என் பேச்சுதான் நடுநாயகம் என்று தெரு முடிவு செய்திருந்தது.

காமிரா முன்னால் சொன்னேன். அவர் போனார், நான் பரணில் ஏறினேன், காத்திருந்தேன். கடைசியாக, “அவர் திரும்பி வரவே இல்ல” என்றேன்.

“அப்படியே இருங்கக்கா. அறைச் சத்தம்” என்று கிசுகிசுத்தார் ‘சிரிங்க’.

மூவரும் அசையாமல் நின்றோம். எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. ஓட்டு இடுக்கில் வந்த வெயிலில் தூசி மிதந்தது. எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

நாத்தனார் தலையைத் தூக்கினாள்.

பின்கதவைப் பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

நிமிடம் முடிந்ததும், சரியாக விழுந்ததா என்று அவர் கேட்டார். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாள். எடுத்தோம். இந்த முறை அவள் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

நான்கு நாள் கழித்து, மத்தியானம், என்னை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார்கள். தையல் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. சுவரெல்லாம் கழுத்தில் மாலையோடு புதுத் தம்பதிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘சிரிங்க’ கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

என் பேச்சுக்கு அடியில் ஏதோ தட்டும் சத்தம் விழுகிறது என்றார். வெளியில் யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்து, என் வீட்டின் அறைச் சத்தத்தை எடுத்துவிட்டு மளிகைக் கடையினுடையதைப் போட்டாராம். அதிலும் விழுந்தது. தபால்காரர் வீட்டினுடையதைப் போட்டாராம். அதிலும்.

“உங்க பேச்சை எடுத்துட்டா சத்தம் இல்லக்கா. வெச்சா வருது.”

போட்டுக் காட்டினார். திரையில் என் முகம். அவர் திரும்பி வரவே இல்ல.

டக் டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்.

அவர் மறுபடி போட்டார். மறுபடியும் அதே இடத்தில், அதே இரண்டும் ஒன்றும். கருவியில் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்தபடி, கீழே டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

நாத்தனார் ஜன்னலோரம் நின்றிருந்தாள். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், பகலில் தூங்குவார், சத்தம் கேட்டால் அடிப்பார் என்று சின்ன வயதுக் கதையை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். விளையாடிவிட்டு வரும் அண்ணன் அவளுக்கு மட்டும் கேட்கும்படி தட்டுவானாம். இரண்டு, பிறகு ஒன்று. அவள் ஓடிப்போய்த் திறப்பாளாம். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக் கதவையும் அவர் அப்படித்தான் தட்டினார், பதினொரு வருடம்.

“அண்ணி” என்றாள், திரும்பாமலே. “அண்ணன் தட்டுனா நான் ஒரு நாளும் திறக்காம இருந்ததில்ல.”

நான் சுவரில் சிரித்த மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“மழைம்மா. ஓட்டு மேல அப்படி ஒரு மழை. எதுவும் கேக்கல.”

டக் டக்.

கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

டக்.

ஸ்டூடியோ கதவிலிருந்து வந்தது. நாத்தனார் இரண்டே எட்டில் போய்க் கதவைத் திறந்தாள். யாருமில்லை. அடியிலிருந்து மாடிவரை படிக்கட்டு முழுவதும் ஈரம், யாரோ தோய்ந்த துணியோடு ஏறி வந்ததுபோல். வெளியே வெயிலில் கண் கூசியது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மறுநாள் அவளை மட்டும் என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஒலிப்பதிவுக் கருவியை வைக்கச் சொன்னேன். பின்கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மைக்கைப் பார்த்துச் சொன்னேன்.

“அவர் திரும்பி வந்தார். பின்கதவைத் தட்டினார். ரெண்டு, ஒண்ணு. உள்ளே எனக்கு இடுப்பளவு தண்ணி. கதவைத் திறந்தா, வெளிய நிக்கிற தண்ணி மொத்தமும் உள்ள வந்துரும்னு பயம். மூணு தடவை தட்டினார். என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார். நான் பரண்ல ஏறி ஏணியை மேல இழுத்துக்கிட்டேன். காதைப் பொத்திக்கிட்டேன்.”

பிறகு ஒரு நிமிடம் இருவரும் அசையவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நிமிடம் முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“இப்போ சத்தம் இல்ல” என்றாள் கடைசியில்.

இதையே படத்தில் வைத்துவிடச் சொன்னேன். வைத்தால் அவருக்கு அமைதி கிடைக்கும் என்று நம்பினேன். அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிதானமாக, ஒரு பிசிறு இல்லாமல் சுற்றினாள்.

“இதைக் கேட்டா யாரு உதவி பண்ணுவா? முப்பது வீட்டு ஜனம் பள்ளிக்கூடத் தரையில படுத்திருக்கு. முன்ன சொன்னதே இருக்கட்டும்.” வாசலை நோக்கி நடந்தவள் நின்றாள். “வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அதில் அண்ணி என்ற சொல் இல்லை. அதன்பிறகு அதை அவள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

படம் காட்டியது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அரங்கத்தில் இருநூறு நாற்காலிகள், ஆள் எழுந்தால் இருக்கை தானாக மடிந்துகொள்ளும் வகை. வெளிச்சம் வராமலிருக்கப் பின்னாலிருந்த ஒரே கதவையும் சாத்திவிட்டார்கள். நான் முன்வரிசையில் ஓரத்தில் இருந்தேன். பக்கத்து இருக்கை நாத்தனாருக்கு. அவள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மளிகைக் கடைக்கார அம்மா பல்லைக் காட்டியபோது அரங்கம் சிரித்தது. அடுத்து என் முகம் வந்தது. எல்லோரும் அமைதியானார்கள்.

அவர் திரும்பி வரவே இல்ல.

டக் டக்.

டக்.

சத்தம் திரையிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. கடைசி வரிசையில் இருந்த யாரோ ஒரு நல்ல மனிதர், தாமதமாக வந்தவர் வெளியே நிற்கிறார் என்று நினைத்து எழுந்து போனார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கதவு திறந்தது.

யாரும் வரவில்லை. சேற்று நாற்றம் வந்தது.

பிறகு நாற்காலிகளுக்கு நடுவே, மெதுவாக, ஈரக் கால் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். சளக். சளக். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சத்தம் முன்வரிசை வரை வந்து நின்றது.

என் பக்கத்தில் மடிந்திருந்த இருக்கை இறங்கியது.

படம் முடிந்து விளக்கு போடும்வரை அது இறங்கியே இருந்தது. அதற்கப்புறம்தான் மேலே போனது. துணி உறை முழுவதும் நனைந்திருந்தது.

வந்தவர்கள் ‘சிரிங்க’வைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விட அந்தக் கதவு தட்டும் சத்தம் உலுக்கிவிட்டது என்றார்கள். ஒரு வயதான ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உதவி வந்தது. ஒன்பது மாதத்தில் முப்பத்தோரு வீடும் எழுந்தன. படத்தை வேறு ஊர்களிலும் காட்டினார்கள். ஆனால் எல்லோரும் சொன்ன அந்தத் தட்டும் சத்தம் எங்கே, ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று ஓர் ஊரிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். ‘சிரிங்க’ மூலப் பிரதியைப் போட்டுப் பார்த்தார். அதிலும் இல்லை. வெறும் அறைச் சத்தம்தான் இருந்தது.

இனி அவர் தட்ட வேண்டியதில்லை. கதவைத் திறந்துவிட்டார்கள்.

புது வீட்டில் எனக்குப் பின்கதவு வேண்டாம் என்றேன். கொத்தனார் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அந்த இடத்தைச் செங்கல்லால் அடைத்துப் பூசினார். பரண் மட்டும் கேட்டு வாங்கினேன். தரையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. ஏறுவதற்கு மர ஏணி, ஒன்பது படி. சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார்கள். இந்த ஏணியை மேலே இழுக்க முடியாது.

குடிவந்த எட்டாம் நாள் காலையில் முதல் படி ஈரமாக இருந்தது. கூரை ஒழுகவில்லை, மழையே இல்லாத மாதம். துடைத்தேன். மறுநாள் இரண்டாம் படி. ஈரத்தில் மண் கலந்திருந்தது. ஐந்தாம் படி ஈரமான அன்று நாத்தனார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று தட்டினேன். உள்ளே நடமாட்டம் கேட்டது. அவள் திறக்கவில்லை.

திரும்பி வந்து, உண்மையைச் சொன்னபோது அன்று சத்தம் நின்றதே என்ற ஒரே நம்பிக்கையில், நடந்ததை நடந்தபடி எழுத ஆரம்பித்தேன். அன்றன்றைக்கு ஒரு பக்கம். ஆறாம் படி, ஏழாம் படி. நேற்று, ஏணியை இழுத்துக்கொண்டதையும் காதைப் பொத்திக்கொண்டதையும் எழுதி முடித்தேன். எட்டாம் படியைத் துடைத்துவிட்டுத் துணியைக் கொடியில் போட்டேன்.

இன்று காலை கண் விழித்ததும் குனிந்து பார்த்தேன். ஒன்பது படியும் காய்ந்திருந்தன.

என் தலையணைக்குப் பக்கத்தில் பாய் ஈரமாக இருந்தது.