விலாவுக்குள் நீர்

தேனியில் இப்போதுதான் முதன்முதலாக ஸ்கேன் எடுக்க வருகிறோம் என்று உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த நத்தர்ஷா, அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் யாரையும் கேட்காமல் மனைவி லத்திபாவை மாடிப்படிக்கு அடியில் இருந்த கழிப்பறைக்குக் கூட்டிப்போனான்; அதன் விளக்குச் சுவிட்ச் வெளியே ஒரு பீரோவின் மறைவில் இருந்தது, அதையும் அவன் கை தேடாமலே தட்டியது.

"முன்னாடி இங்கன வந்திருக்கீகளா?"

"நானா? இல்லையே."

கூட வந்த அவள் தங்கச்சி ஹுஸ்னா சட்டென்று குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

2005 ஐப்பசி. அடைமழையில் மதியமே இருட்டிக் கிடந்தது. போன மாதம் கம்பத்தில் ஊசி போட்டு லத்திபாவின் நெஞ்சுக்கூட்டிலிருந்து நீர் எடுத்திருந்தார்கள். இளஞ்சிவப்பு நீர். 'சளி முத்திப்போச்சு, வேற ஒன்னுமில்ல' என்று நத்தர்ஷா பிள்ளைகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகும் மூச்சு பாதியிலேயே முட்டி நின்றது.

ஸ்கேன் அறையில் ஏ.சி.யின் குளிரும் டெட்டால் வாடையும், எங்கோ வண்டு அடைபட்டதுபோல் இயந்திரத்தின் முனகலும். டாக்டரம்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து முதுகில் சில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி நகர்த்தினார். கழுத்தைத் திருப்பினால் திரை தெரிந்தது. கிணற்றை எட்டிப் பார்த்ததுபோல ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பில் நாக்குபோல ஒன்று வெளிறிப்போய் அசைந்துகொண்டிருந்தது.

"கறுப்பா இருக்கறது தண்ணி. ஆடுறது உங்க நுரையீரலோட நுனி. பயப்படாதீங்க."

"அடியில முண்டு முண்டா இருக்கே டாக்டர்?"

டாக்டரம்மா திரையை நெருங்கிக் குனிந்தார். ஒவ்வொரு முண்டையும் அளந்தார். பிறகு கருவியைத் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, "இருங்க, உங்க வீட்டுக்காரர்ட்ட பேசிட்டு வர்றேன்" என்று வெளியே போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"போன மாசம் எடுத்த தண்ணியிலயே கேன்சர்னு வந்த ரிப்போர்ட்டை நீங்கதானே இங்க கொண்டாந்து காட்டினீங்க? இப்ப நுரையீரலைச் சுத்தின சவ்வு பூராவும் கட்டி. அவங்கட்ட இன்னுமா சொல்லல?"

"சொன்னா தாங்க மாட்டா டாக்டர்."

"மச்சானும் நானும் பேசி வச்சதுதான்" என்றது ஹுஸ்னாவின் குரல். "அக்காவுக்குத் தெரியவே வேணாம்."

பிள்ளைகள் தலைமேல் வைத்த கை. அந்தக் கை.

"ஹுஸ்னா..."

வெளியே பேச்சு நின்றது. காலடிச் சத்தம் கதவை நெருங்கியது. வளையல் போட்ட கை மட்டும் உள்ளே நீண்டது. கைப்பிடியைப் பற்றியது. தூங்குகிற குழந்தையின் அறையைச் சாத்துவதுபோல மெதுவாக, சத்தமே இல்லாமல் கதவைச் சாத்தியது.

அப்போது கரண்ட் போனது.

ஏ.சி. அடங்கியது. இயந்திரம் மட்டும் பேட்டரியில் முனகியது. திரை வெளிச்சம். அதில் அதே கறுப்பு.

கருவி கொக்கியில் தொங்கியது. யார் உடம்பிலும் படாமல்.

நாக்கு அசைந்தது. மேலே. கீழே. அவள் மூச்சை இழுக்கும்போது மேலே. விடும்போது கீழே.

கதவுக்கு ஓடி இழுத்தாள். அசையவில்லை. அந்தப் பக்கம் யாரோ கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்கள்.

"திறங்க! என்னங்க... உங்களத்தான்!"

"ஒன்னுமில்ல லத்திபா." நத்தர்ஷாவின் குரல் மரத்தை ஒட்டி, மிக அன்பாக வந்தது. "ஒன்னுமில்ல. படுத்துக்க."

முதுகுக்குப் பின்னால் நீர் தளும்பியது. நெஞ்சுக்குள் இல்லை. அறைக்குள்.

திரும்பினாள். மூச்சை அடக்கினாள்.

திரையில் அது அடங்கவில்லை. மேலே. கீழே. வேகமாக. முண்டுகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின.

பிறகு அந்தத் திரையின் கண்ணாடியில், உட்புறமாக, வெள்ளையாக மூச்சாவி படிந்தது.