அது கிளம்பிய இடம்

பச்சைப் புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது. சிவப்புப் புள்ளிதான் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

பச்சை ட்ரோன்; சிவப்பு, அதை ஓட்டுகிறவன். பறக்கிற ஒவ்வொரு ட்ரோனும் இந்த இரண்டையும் காற்றில் சொல்லிக்கொண்டே போகவேண்டும் என்பது சட்டம். பெண்கள் குளிக்கிற ஜன்னல்களைத் தேடி மூன்று வாரமாக ஊரை வட்டமிடும் இந்த ஈனப்பிறவி, அந்த ஒரு சட்டத்தை மட்டும் மதித்துத் தொலைத்திருந்தான். இன்றைக்கு அவனைப் பிடித்தே தீருவதென்று கிளம்பிய துணை ஷெரிஃப் மார்லிஸ் ட்வைட், கையிலிருந்த வரைபடக் கருவியைத் தட்டிப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி அசையவில்லை. அது அவள் வீடு. அவள் தனியாக இருக்கும் வீடு.

போய்ச் சேர்ந்தபோது குளிர்கால மாலை ஐந்து, அதற்குள் இருட்டிவிட்டது. துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிவந்தாள். இரண்டு நாள் முன் விழுந்து உறைந்த பனியில் அவளுடைய பூட்ஸ் தடங்களைத் தவிர வேறு தடமே இல்லை.

உள்ளே அந்த நாற்றம். செத்த எலி என்று நினைத்து ஒரு வாரமாக அவள் பிளீச் ஊற்றிக் கழுவியும் போகாத, புளித்த பாலும் ஈரச் சாக்ஸும் கலந்த, அடியில் எங்கோ ஆள் வியர்வை வெதுவெதுக்கிற நாற்றம். குளியலறையில் அது தொண்டையை அடைத்தது. சிவப்புப் புள்ளியும் அங்கேதான் நின்றது.

அலுவலகத்தில் இருந்த சக அதிகாரி ட்வெய்னைப் போனில் கூப்பிட்டாள். "புள்ளி என் பாத்ரூம்ல நிக்குது."

"நீயே ஓட்டிக்கிட்டு எங்களை அலையவிடறியா, தாயே?" சிரித்தான். "திரையில ட்ரோன் நம்பர் இருக்கும், சொல்லு."

சொன்னாள்.

"அட, இது பழைய ட்ரோன்ல தனியா ஒட்டுற பெட்டி. ஓட்டுறவன் எங்க நிக்கிறான்னு இதுக்குத் தெரியாது. கிளம்பின இடத்தைத்தான் காட்டும். ஆள் எப்பவோ போயிருப்பான், பயப்படாத."

"கிளம்பின இடம்னா?"

"எங்கேருந்து எழும்பிச்சோ, அது. பேட்டரி தீர்ந்தா தானா அங்கயே திரும்பிடும்."

மார்லிஸ் பனியை நினைத்தாள். தடமில்லாத பனி.

திரையில் பச்சைப் புள்ளி திரும்பியது.

ரீங்காரம். தெருமுனையில். பிறகு கூரைமேல். குளியலறைக்கு மேலிருந்த பரணின் ஜன்னல் கிறீச்சிட்டது. ரீங்காரம் நின்றது.

தலைக்கு மேலே ஒரு பலகை முனகியது.

"வந்துட்டியா, செல்லம்," என்றது மேலே ஓர் ஆண் குரல், கொஞ்சலாக.

அவள் மேலே பார்த்தாள். குளியல் தொட்டிக்கு நேர் மேலே ஒரு கறுப்புப் பொட்டு. பூஞ்சை என்று நினைத்து மூன்று முறை தேய்த்திருந்தாள். தினமும் காலையில் அதன் கீழேதான் நின்றாள். துணியில்லாமல்.

"அங்க யாரும் இருக்கமாட்டாங்க, மார்லிஸ்," என்றான் ட்வெய்ன் காதில்.

வெதுவெதுப்பாக ஒரு சொட்டு அவள் உதட்டில் விழுந்தது.

பொட்டு இமைத்தது.