போட்டு வாறன்

வோக்கிடோக்கியில் "வாறன்" என்று ஒரு குரல் சொன்னபோது வசீகரன் வானுக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

நிரஞ்சனிக்கு முதலில் அது உறைக்கவேயில்லை. அந்தச் சொல்லை அந்த வோக்கியில் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்துபோயிருந்தது. சைக்கிளோடுகிற கூட்டத்துக்கு ஆகப் பின்னால் வருகிறவன் அவளுடைய புருசன். ஒருவரும் வழியில் தவறிவிடாமல் பார்ப்பது அவன் வேலை. தண்ணீரும் மாற்று ரயரும் ஏற்றிக்கொண்டு வான் ஓட்டுவது அவள் வேலை. அவள் முன்னுக்குப் போய் எங்காவது நிறுத்திவிட்டு, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் "வாறன்" என்று பதில் வரும். இருப்பதே இரண்டு வோக்கி. ஒன்று வானின் டாஷ்போர்டில். மற்றது அவனுடைய ஜேர்சியின் முதுகுப் பையில். இப்போது அவனுடைய ஒரு கையில் பேப்பர் கப் இருந்தது, மற்றக் கை இடுப்பில் இருந்தது.

வோக்கி பேசியதை அவள் சொன்னதும் அவன் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்துப் பார்த்தான். நிறுத்தித்தான் இருந்தது. பற்றரி மிச்சம் பிடிக்க மத்தியானமே நிறுத்திவிட்டானாம். வேறு யாருடைய சானலாவது குறுக்கே வந்திருக்கும், மேலே மரம் வெட்டுகிறவர்கள் கதைத்திருப்பார்கள் என்றான். அவர்கள் எப்போதிருந்து தமிழில் கதைக்கத் தொடங்கினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

அது ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, அந்த வருசத்துக் கடைசி ஓட்டம். மொன்றியலில் இருந்து லவாலைத் தாண்டி வடக்கே வந்தால் மலை. அமைதியான காட்டுப் பாதை, சரித்திரப் புகழ்பெற்ற கோட்டைகள் என்று இந்தச் சைக்கிள் சுற்றுலாவை நடத்துகிற கொம்பனி இணையத்தில் போட்டிருந்தது. கோட்டையென்றால் என்ன, ஒரு காலத்தில் இந்தக் காட்டை மொட்டையடித்துப் பணக்காரரானவர்கள் ஊரானின் முதுகில் கல்லேற்றிக் கட்டிய பெரிய வீடுகள். இப்போது ஹோட்டல். டாக்டர்களும் என்ஜினியர்களும் காலையிலிருந்து வியர்க்க வியர்க்கச் சைக்கிளோடிவிட்டு, இரவு அங்கே நெருப்புக்கு முன்னால் வைனோடு உட்காருவார்கள். நாள் முழுவதும் துறைமுகத்தில் பெட்டி தூக்கினவன் யாரும் தன் உடம்பை வருத்தக் காசு கொடுக்கமாட்டான் என்று வசீகரன் சொல்லுவான். அவன் அங்கே பதினாறு வருசம் தூக்கியவன். முதுகு போனதும் அவர்களும் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது நெஞ்சு. இரண்டு இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, வருகிற வியாழக்கிழமை கம்பி வைக்கப்போகிறார்கள். அதுவரை ஏற்றம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கொம்பனிக்கு அவன் சொல்லவில்லை. கடைசி ஓட்டத்தைப் பாதியில் விட்டவனை அடுத்த கோடைக்கு யார் கூப்பிடுவார்கள். "இண்டைக்கு மட்டும்" என்றான். அவளும் தலையாட்டினாள். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை அவளுடைய ஜக்கெற் பையில் இருந்தது. பத்து நிமிசத்துக்கு ஒருதரம் அவளுடைய விரல் போய் அந்தப் போத்தலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

அவர்கள் நின்ற வளைவில், றோட்டோரத்து மேப்பிள் மரத்தோடு ஒரு வெள்ளைச் சைக்கிள் சங்கிலி போட்டுக் கட்டிக் கிடந்தது. சைக்கிளில் போய் வாகனத்தில் அடிபட்டுச் செத்தால், செத்த இடத்தில் இப்படி ஒரு சைக்கிளுக்கு வெள்ளையடித்துக் கட்டிவிடுவது இந்த நாட்டு வழக்கம். செத்தவர் சவிரிமுத்து. மன்னார் ஆள். வசீகரனோடு துறைமுகத்தில் பெட்டி தூக்கியவர், வசீகரனுக்கு முன்பு கூட்டத்தின் கடைசி ஆளாக வந்தவர். போன வருசம் இந்த வளைவில் மரம் ஏற்றி வந்த லொறி ஒன்று அவரைக் கவனிக்கவில்லை. மகன் ஓடுவான், சைக்கிளைத் தாருங்கள் என்று அவருடைய மனைவி கேட்டாள். அதற்குள் கொம்பனி ரயர், செயின், மணி, சீற் என்று ஒன்றும் விடாமல் வெள்ளையடித்துப் படமும் எடுத்துப் போட்டுவிட்டது.

நல்ல பாரமான மனிசன். களைத்துப்போய் வானுக்குள் ஏறினால் வான் ஒரு பக்கம் தாழும். தாழ்ந்ததும் பின்சீற்றிலிருந்து குரல் வரும்: "தேத்தண்ணி கிடக்கே, தங்கச்சி?"

அதை நினைத்துத்தான் அவள் இறங்கிப் போயிருந்தாள். சீற்றில் ஒட்டியிருந்த ஈரச் சருகுகளைக் கையால் துடைத்தாள். ஒரு கப்பில் தேத்தண்ணி ஊற்றி முன் ரயருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு திரும்பி நடக்கும்போது வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"அப்ப போட்டு வாறன் அண்ணை."

வசீகரன் வாய்விட்டுச் சிரித்தான். "செத்தவீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்."

உண்மைதான். வேறு எந்த வீட்டிலிருந்தும் போறன் என்று சொல்லிப் போகக்கூடாது, போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லவேணும். செத்தவீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிட வேணும். அங்கே திரும்ப வருகிறதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் வானடிக்கு வந்தாள். அவன் தேத்தண்ணியை வாயில் வைத்தான். அப்போதுதான் வோக்கி பேசியது.

அவன் சைக்கிளில் ஏறினான். கூட்டம் முன்னமே மேலே ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் அவன் மட்டும்தான். அவள் லைற்றைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் வானை ஊரவிட்டாள். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, இலையுதிர்ந்த மரங்களுக்கிடையில் இருட்டு நிலத்திலிருந்து கசிவதுபோல மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது. ஈரச் சருகும் பைன் பிசினும் கலந்த குளிர் வாசம் கண்ணாடி இடுக்கால் வந்து மூக்குக்குள் ஏறியது. வானின் வெளிச்சத்துக்குள் அவனுடைய முதுகு இடமும் வலமும் ஆடி ஆடிப் போவதையும், ஒவ்வொரு மிதிக்கும் தோள்பட்டை ஏறி இறங்குவதையும் பார்த்தபடி, அவன் மூச்சு வாங்கும் இடங்களில் தானும் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் ஓட்டினாள்.

அந்தச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

டிக். டிக். டிக். டிக்.

மிதிக்காமல் சைக்கிளை உருளவிட்டால் பின்சில்லில் கேட்குமே, அந்தச் சத்தம். இறக்கத்தில் நாள் முழுவதும் கேட்கிற சத்தம்தான், அதிலே பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இது ஏற்றம். வசீகரனுடைய கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. சத்தமும் முன்னாலிருந்து வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் அவளுடைய வானின் சிவப்பு வெளிச்சம் விழுந்த கொஞ்சத் தார். அதற்கு அங்கால் ஒன்றுமில்லை. ஏற்றத்தில் மிதிக்காமல் எது உருண்டு வரும் என்று யோசித்தாள். யோசித்திருக்கக் கூடாது.

வோக்கி கரகரத்தது.

"வாறன்."

மூச்சு வாங்காத குரல். அவசரமில்லாத குரல். வசீகரனின் இரண்டு கைகளும் ஹாண்டிலில் இருந்தன.

அவள் ஹோர்ன் அடித்து, வானை அவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணாடியை இறக்கினாள். சைக்கிளை வானுக்கு மேலே போட்டுவிட்டு உள்ளே ஏறச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். நெற்றியில் வியர்வை, உதடு சாம்பல் நிறம்.

"இன்னும் ரெண்டு வளைவுதான். முதலாளி மேல வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருப்பான்."

"இஞ்சேருங்கோ, பின்னால ஆரோ வருகினம்."

"எனக்குப் பின்னால ஆர் வாறது? நான்தானே கடைசி."

"அப்ப ஒருக்காப் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவன் சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்த கடைசிச் சிரிப்பு. "உதை மேல வந்து சொல்லுறன்" என்று முன்னுக்குப் போனான்.

இப்போது வானுக்குள் ஒரு வாசம். சருகுமில்லை, பிசினுமில்லை. பெயின்ற். இன்றைக்கு அடித்த, இன்னும் காயாத பெயின்ற்.

டிக். டிக். டிக்.

கிட்ட. பின் பம்பருக்குக் கிட்ட. கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். பின்கண்ணாடியின் கீழ் விளிம்பில் வெள்ளையாக ஒரு ஹாண்டிலின் முனை. அதைப் பிடித்திருந்த கை எதுவும் இல்லை.

முதல் வளைவு.

கையிலே குளிசைப் போத்தல். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. மூடி திறபடவில்லை. மரங்களுக்கு மேலே கோட்டையின் ஜன்னல்கள் மஞ்சளாகத் தெரிந்தன. யாரோ சிரிக்கிற சத்தமும் கிளாஸ்கள் முட்டிக்கொள்கிற சத்தமும் காற்றில் வந்தன. அவ்வளவு கிட்டம். கத்தினால் கேட்கும். அவள் மூடியைப் பல்லால் கடித்துத் திருகினாள்.

டிக். டிக்.

நின்றது.

வோக்கி கரகரத்தது.

"வந்திட்டன்."

அவள் முன்னால் பார்த்தாள். வசீகரனின் கால்கள் அசையவில்லை. பெடலில் அப்படியே இருந்தன, ஒன்று மேலே, ஒன்று கீழே. சைக்கிள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. டிக். டிக். டிக். இப்போது அது அவனுடைய சில்லிலிருந்து வந்தது.

ரயர் வெள்ளை.

செயின் வெள்ளை.

வானின் வெளிச்சத்துக்குள் அந்த வெள்ளை ஊறிக்கொண்டு மேலே போனது. சீற். சப்பாத்து. முழங்கால். முதுகுப் பையில் வோக்கியின் சின்னப் பச்சை லைற் ஒருமுறை மினுங்கியது, பிறகு அதையும் வெள்ளை மூடியது. ஹோர்னில் கையை வைத்து அழுத்தினாள். அவன் திரும்பவில்லை. இடது கையை மட்டும் தூக்கினான், வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று தூக்குகிற மாதிரி. கை வெள்ளை. விரல் நுனியிலிருந்து வெள்ளை, தாரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

டாஷ்போர்டிலிருந்து அவனுடைய குரல் வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் சொல்லவே விடாத சொல். அது மட்டும், தனியாக.

"போறன்."

பிரேக்கை மிதித்தாள். வான் நின்றது. வெளிச்சத்தின் விளிம்பில் வெள்ளை முதுகு, காலசையாமல், கோட்டையின் மஞ்சள் ஜன்னல்களை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

பின்னால் வான் ஒரு பக்கம் தாழ்ந்தது.

ஸ்பிரிங் முனகி அடங்கியது. பெயின்ற் வாசம் பிடரியில் வந்து நின்றது.

"தேத்தண்ணி கிடக்கே, தங்கச்சி?"

நிரஞ்சனி திரும்பிப் பார்க்கவில்லை. கண் முன்னால் இருந்தது, கை மட்டும் பழக்கத்தில் பக்கத்துச் சீற்றில் கிடந்த ஃபிளாஸ்கைத் தேடிப் போனது.