கழற்றிய எஞ்சின்

சாவி ஜிப்ரியின் கையில் இருந்தது. முன் எஞ்சின் அடங்கிவிட்டது. ஆனாலும் காரின் பின்பக்கத்துக்குள்ளிருந்து உறுமல் வந்துகொண்டே இருந்தது, மெதுவாக, அவசரமே இல்லாமல்.

பொழுது சாய்ந்த மஃரிப் நேரம். வாவிக்கரை வீதியில் ஆளில்லை. மூடிய கண்ணாடியையும் மீறிச் சேற்று வாடையும் அதோடு சேர்ந்து எரிந்த டீசல் வாடையும் உள்ளே வந்தன.

"நிப்பாட்டிட்டீங்கதானே?" என்றாள் பக்கத்தில் இருந்த றபீக்கா. அவளுக்கு நிறைமாதம். பிள்ளைப்பேற்றுக்காக ஏறாவூரிலிருந்து காத்தான்குடிக்கு, அவளுடைய உம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டிட்டன் புள்ள."

ஜிப்ரிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பழைய காரொன்றுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு எஞ்சின் பூட்டி, பாசிக்குடாவில் வெள்ளைக்காரர் வாய்பிளக்க ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. பின்னுக்குப் பூட்டியது, மீன்பிடிகாரர் வாவிக்குள்ளிருந்து இழுத்தெடுத்த லொறியின் எஞ்சின். லொறி கிடைத்தது, அதை ஓட்டியவன் கிடைக்கவில்லை. பிரித்தான், கழுவினான், பிஸ்டன் மாற்றினான். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். ஒரே உறைக்குள் இரண்டு கத்தி எங்கே இருக்கும்? முன்னது வீதியால் போகப் பார்க்கும். பின்னது தண்ணீர்ப் பக்கம் தள்ளும். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டித் தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம். சொன்னால் மற்றக் கராஜ்காரர் எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்தப் பலாய் புடிச்ச எஞ்சினக் கழட்டுங்க. இல்லாட்டி நான் பஸ்ஸில போறன்" என்று றபீக்கா காலையில் ஒற்றைக்காலில் நின்றாள். கழற்றினான். அது இப்போது அவனுடைய கராஜில், சங்கிலியில் தொங்குகிறது.

பிறகு இங்கே உறுமுவது எது?

"இரி, பாத்திட்டு வாறன்."

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தான். வெக்கை முகத்தில் அடித்தது. உள்ளே வெறும் தகரம். எஞ்சின் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடம்தான் அதிர்ந்தது. கையை நீட்டினான். விரல் சுட்டது.

உறுமல் ஏறியது, யாரோ பெடலை மிதித்ததுபோல.

கார் தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தது.

"றபீக்கா! இறங்கு!"

"கதவு திறக்குதில்லீங்க!"

ஓடினான். கைபிடியை இழுத்தான். அசையவில்லை. கல்லெடுத்துக் கண்ணாடியில் அடித்தான். கல்தான் உடைந்தது. எத்தனையோ பேருக்குக் கார்ப்பூட்டு உடைத்துத் திறந்துகொடுத்தவன் அவன். தன் பெண்சாதியை வெளியே எடுக்க ஒரு கதவு திறக்கவில்லை. ஆத்திரத்தில் அழுதான்.

காரின் சில்லுகள் உருண்டு சேற்றில் இறங்கின. தண்ணீர் கதவுக்கு வந்தது. கண்ணாடிக்கு வந்தது. அவன் கழுத்துக்கு வந்தது. பிடி வழுக்கியது.

கூரை மறைந்தது.

பின்விளக்கின் சிவப்பு மட்டும் தெரிந்தது. அது கீழே போகவில்லை. வாவியின் அடியால், வீதியில் ஓடுவதுபோல, நடுவாவிக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் றபீக்காவின் இரண்டு உள்ளங்கைகள் அடித்துக்கொண்டிருந்தன.

அவற்றின் மேல், உள்ளிருந்து, மெதுவாக, மூன்றாவதாக ஒரு கை வந்து பதிந்தது.