சிவப்புப் புள்ளி வைத்த மூலை

"ஐயோ... கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

செகெட் நகர மருத்துவமனை வாசலில், கொட்டுகிற மழையில், குடையோடு ஓடி வந்தவன் எனிக்கோ மீது மோதிவிட்டான். அவள் அணைத்திருந்த ஐஸ் பெட்டி சரிய, சட்டென்று தாங்கிப் பிடித்தான். சாம்பல் நிறக் கண்கள்... இமையில் மழைத்துளி... சே, இப்போதா இதையெல்லாம் பார்ப்பது!

"அப்படி என்ன, தங்கமா இருக்கு உள்ள?"

"பிறந்து ஒன்பது நாளான குழந்தையோட ரத்தம். வலிப்பு நிக்கவே இல்ல. இன்னொரு தடவை குத்தி எடுக்க அந்த உடம்பு தாங்காது. போதுமா?"

அவன் சிரிப்பு அடங்கியது. பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு ஆய்வகத்தில் பார்த்தால், அவனேதான்! பார்னபாஷ். டி.என்.ஏ. பரிசோதனைக்கு மாதிரிகளைத் தானே தயார் செய்யும் புது மிஷினை ஓட்டிக் காட்ட வந்த இன்ஜினியர். ஆறு வருடமாக அந்த வேலையைக் கையால் செய்தவள் எனிக்கோ. இனி அவள் இடத்தில் இதுவா?

"கை நடுங்கும், மிஷின் நடுங்காது மேடம்," என்றான் குறும்பாக.

"அதுக்கு பயமே கிடையாது. அதான் எனக்கு பயம்."

மதியத்துக்குள் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, தொண்ணூற்றாறு குழித் தட்டின் முதல் குழியில் குழந்தையின் துளியை விட்டாள். மற்ற குழிகளில் மற்ற நோயாளிகளின் துளிகள். தட்டு திரும்பிவிட்டால் தெரிய, முதல் குழியின் மூலையில் வழக்கம்போல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். பார்னபாஷ் தட்டை வாங்கி உள்ளே வைத்து, பொத்தானை அழுத்தினான்.

கண்ணாடிக்குள் துளிகளை உறிஞ்சும் எட்டு முனைகள் இறங்கின... எனிக்கோ குனிந்து பார்த்தாள். புள்ளி எதிர்மூலையில்! கடைசிக் குழியில் இருக்கும் யாருடையதோ குழந்தையின் பெயரில் போகுமே... பாய்ந்து நிறுத்தும் பொத்தானைக் குத்தினாள்.

அலாரம் கேட்டு ஆய்வகத் தலைவி ஹெத்விக் ஓடிவந்தாள். "மிஷின் பிடிக்கலைன்னா இப்படியா பண்ணுவ, எனிக்கோ?"

எனிக்கோ பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். கண் நிறைந்தது. அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துக்கொள்வான்...

"தப்பு என்னோடது மேடம்," என்றான் பார்னபாஷ். "தட்டைத் திருப்பி வெச்சுட்டேன். இவங்க நிறுத்தலேன்னா அந்தக் குழந்தைக்கு வேற யாரோட ரிப்போர்ட்டோ போயிருக்கும்."

"இத்தனை வருஷ அனுபவத்துல இதெப்படி?"

அவன் காது சிவந்தது. "காலையில மழையில இவங்களைப் பார்த்ததுலேர்ந்து... கண்ணு தட்டுல நிக்க மாட்டேங்குது மேடம்..."

ஹெத்விக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனிக்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை நேராக வைத்தாள். மூன்று தடவை புள்ளியைச் சரிபார்த்தாள்.

"இனிமே தட்டை நான்தான் வைப்பேன்."

"அப்போ நான்?"

"பொத்தானை அழுத்துங்க. இது நல்லபடியா முடியட்டும்..." அவள் குரல் தழைந்தது. "காலையிலேர்ந்து நானும் அப்படித்தான் இருக்கேன்."

பொத்தான் மேல் வைத்த அவன் விரல் நடுங்கியது.