கன்றின் தொண்டை

உச்சி வெயிலில் பால்காரர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

அவர் மனைவி கீழே உட்கார்ந்து பால்கேன் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மின்சாரம் போனால் மின்சாரக்காரர்களின் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுக்கிற மனுஷர் அவர். குளிர்காலத்திலும் தலைமாட்டில் விசிறி சுற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவர், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிற புழுக்கத்தில், கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்தார்.

"ஏங்க, ஃபேனை ஏன் நிறுத்துனீங்க?"

"காத்து மூஞ்சியில அடிக்குது."

"அடிக்கத்தானே போட்டிருக்கு."

சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. வலது கையை முழங்கை வரைக்கும் பறட் பறட்டென்று சொறிந்துகொண்டே இருந்தார். முந்தின நாளிலிருந்தே லேசாகக் காய்ச்சல். கைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று காலையில் சொல்லியிருந்தார். புல் அறுக்கிற கை, ஏதாவது பட்டிருக்கும் என்று அவளும் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். அவளுக்குப் பெயர் ஒன்று உண்டு, பள்ளியில் மட்டும் பயன்படும். வீட்டில் பொடிசு. வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், ஆனால் அந்தப் பொடி உடம்பு வீட்டுக்கு எவ்வளவு உபயோகம் என்று அவர்களுக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன திருகாணி, கறவை இயந்திரத்தின் குழாயில் அடைத்துக்கொண்ட அழுக்கு, குறுகலான பாட்டிலின் அடியில் ஒட்டிய மிச்சம், யார் கைக்கும் எட்டாததெல்லாம் பொடிசின் கைக்கு எட்டும். "எங்க வீட்டுக் குறடு" என்று பால்காரர் ஊரெல்லாம் பெருமை பேசுவார்.

பொடிசுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்துகாட்டுவாள். வகுப்பு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவது, பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற அத்தை ஊசியில் நூல் கோக்கும்போது உதட்டைச் சுழிப்பது, எதுவும் தப்பாது. தொழுவத்து மாடுகளையும் விட்டுவைப்பதில்லை. செத்துப்போன கன்றின் குரலைக்கூட ஒருநாள் செய்துகாட்டினாள். தொண்டை கம்மி, காற்றும் சத்தமுமாய், பாதியில் உடைந்துபோகிற கதறல். "செத்ததைப் போய்க் கிண்டல் பண்ணுவியா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் பால்காரருக்குத் தண்ணீர் கொடுத்தாள் மனைவி. அவர் டம்ளரை வாங்கினார். ஆசையாகத்தான் வாங்கினார். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. டம்ளர் வாய்க்கு அருகே வந்ததும் கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி புடைத்தன. தலை பின்னால் வெட்டியது. தண்ணீர் மார்பெல்லாம் கொட்டியது.

"என்னங்க ஆச்சு?"

"தெரியல. தொண்டை விடமாட்டேங்குது."

தையல் கடையை மூடிவிட்டு வந்திருந்த நாத்தனார் வாசலில் நின்றபடி பார்த்தாள். "தொண்டைப் புண்ணா இருக்கும் அண்ணி. வெந்நீர் வச்சுக் குடுங்க."

மூலையில் பொடிசு ஒரு காலி டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோய்க் கழுத்தை வெட்டிப் பின்னால் சாய்ந்தாள். அப்படியே அப்பா. நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எருமை," என்று அம்மா கையை ஓங்கினாள். "அப்பாவுக்கு முடியல, உனக்கு விளையாட்டா?"

பொடிசு முகம் சுருங்கிப்போய் மணிக்கட்டைச் சொறிந்தாள். கொசு கடித்திருக்கும் என்று நினைத்தாள் அம்மா.

விடிகிற நேரம். தொழுவத்தில் சாணி ஈரமும் தீவன வாசனையும் மாடுகளின் மூச்சுச் சூடும் கலந்து மப்பாக நின்றன. மடி வீங்கிய ஒரு மாட்டுக்கு இயந்திரம் ஆகாது, கையால்தான் கறக்க வேண்டும். அவள் குந்தி உட்கார்ந்து பீய்ச்சினாள். வெறும் பாத்திரத்தில் முதல் பால் விழுகிற அந்தச் சத்தம், சர்ர் சர்ர் என்று, அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம். அதைக் கேட்டால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கும் என்பார்.

தொழுவத்து வாசலில் நின்றிருந்த பால்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"நிறுத்து."

"என்னங்க?"

"அந்தச் சத்தத்த நிறுத்தும்மா. தொண்டைய இறுக்குது."

அவர் வாயோரம் நூலாய் எச்சில் வழிந்தது. துடைத்தார். மறுபடி வழிந்தது. கண்களில் ஒரு பயம். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் பார்த்திராத பயம். ஒரு குழந்தை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி, அவர் அவள் கையிலிருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொடிசை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். "சும்மா பதறாதீங்க அண்ணி, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

எள் போட்டால் எள் விழாத கூட்டம். பினாயில் நெடி. டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் அவசரமாகத்தான் பார்த்தார். பிறகு எதையோ கவனித்து நிதானமானார்.

"நாய் ஏதாவது கடிச்சுதா?"

"இல்லீங்க டாக்டர். எந்த நாயும் எங்களைக் கடிக்கல."

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். பால்காரர் உடம்பு முழுக்க உதறியது. டம்ளரை அப்புறம் வைத்துவிட்டு, மேஜையிலிருந்த அட்டையால் அவர் முகத்துக்கு நேரே மெல்ல ஒரு விசிறு விசிறினார். வெறும் காற்று. பால்காரரின் கழுத்து வெட்டி இழுத்துக்கொண்டது, மூச்சு நின்று, பிறகு ஊளையிடுகிற மாதிரி திரும்பி வந்தது.

டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார். மனைவியை மட்டும் வெளியே வரும்படி கண்ணால் கூப்பிட்டார். அதுதான் அவளுக்கு முதல் அடி.

வெளியே அழைத்துவந்து டாக்டர் கேட்டார். "வீட்ல மாடு கன்னு ஏதாவது சீக்கு வந்து செத்துச்சா?"

செத்தது. மழைக்கு முன்னால். அக்காள் மகள் பிரசவத்துக்காக அவள் ஒரு வாரம் ஊரில் இல்லாத நேரம். திரும்பி வந்தபோது கன்றைப் புதைத்த மண்கூடக் காய்ந்திருந்தது. வாயெல்லாம் எச்சில் ஒழுகியதாம், எதையும் விழுங்க முடியவில்லையாம், குரல் கம்மிக் கதறியதாம். தெருவில் கிடந்த பிளாஸ்டிக் பையைத் தின்று தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து, கையை விட்டுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை என்று பால்காரர் சொன்னார். மறுநாள் கன்று செத்தது. "கறவை மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அவர் சொன்னதும், அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

"தொண்டையில ஒண்ணும் சிக்கலம்மா," என்றார் டாக்டர். "கன்னை எப்பவோ வெறிநாய் கடிச்சிருக்கு. அந்த வைரஸ் எச்சில்ல இருக்கும். கையில சின்னக் கீறல் இருந்தாப் போதும், நாய் கடிக்கணும்னு இல்ல. நரம்பு வழியா கொஞ்சம் கொஞ்சமா மூளைக்கு ஏறும். ஏறுற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது."

"மருந்து இருக்குதுங்களே டாக்டர்?"

"முன்னாடியே வந்திருந்தா ஊசி இருக்கு. இப்படி ஆரம்பிச்ச பிறகு எங்க கையில ஒண்ணும் இல்லம்மா." கொஞ்சம் நிறுத்தி, "வேற யாராவது அந்தக் கன்னோட வாயில கை வச்சாங்களா? அவங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கலைன்னா காப்பாத்திடலாம்," என்றார்.

"இல்லீங்க. அவர் மட்டும்தான்."

சொல்லும்போதே ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவரை ஜன்னல் இல்லாத அறையில் படுக்கவைத்திருந்தார்கள். மங்கலான விளக்கு. விசிறி இல்லை. குழாய் சொட்டாமலிருக்கத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. இரண்டு கைகளையும் மெத்தென்ற துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மருந்தின் மயக்கத்தில் கொஞ்சம் அமைதியாக இருந்தார். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அவளைப் பார்த்ததும் அழுதார்.

அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். முறம் மாதிரி விரிந்த கை. கறந்து கறந்து விரல்கள் ஒவ்வொன்றும் தடித்துப்போயிருந்தன. கல்யாணத்தில் போட்ட மோதிரம் இரண்டாம் வருஷமே சுண்டுவிரலுக்கு வந்துவிட்டது. வாயகன்ற பாட்டிலுக்குள்ளும் போகாத கை.

போகாத கை.

அந்தக் கன்றுக்கு அவள் புட்டிப்பால் கொடுத்திருக்கிறாள். சின்ன வாய். அவளுடைய இரண்டு விரல் வைத்தாலே நிறைந்துவிடும்.

"ஏங்க," என்றாள். அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி கேட்டாள். "ஏங்க, உங்க கை எப்படிங்க உள்ள போச்சு?"

அவர் அவளையே பார்த்தார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"போகல. வாயத்தான் பிளந்து பிடிச்சேன்," என்றார்.

"அப்போ?"

அவர் சொல்ல வாயெடுத்தார். தொண்டை மூடிக்கொண்டது. கட்டில் அதிர்ந்தது. துணி இறுகியது. அவர் கண்கள் மட்டும் அவளிடம் எதையோ கெஞ்சிக்கொண்டே இருந்தன. எங்க வீட்டுக் குறடு. எங்க வீட்டுக் குறடு.

அவள் எழுந்து ஓடினாள். அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் ஓடினாள். டாக்டர் ஊசியை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"பொடிசு என்ன பண்றா?"

"ஐயோ அண்ணி, இவ அட்டகாசம் தாங்கல," என்றாள் நாத்தனார். குரலில் அலுப்பும் சிரிப்பும். "காலையிலேருந்து அண்ணன் மாதிரியே நடிச்சுக்கிட்டிருக்கா. ஃபேனைப் போட்டா அழறா. பாலைக் குடுத்தா கழுத்த வெட்டுறா, கொட்டுறா. துண்டை வேற சுத்திக்கிட்டு மூலையில உக்காந்திருக்கா. ஒரு அடி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணன் எப்படி இருக்காரு?"

அவள் போனை மடியில் வைத்தாள். பிறகு எடுத்து, "அடிக்காதே," என்று மட்டும் சொன்னாள்.

வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நடிப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்று தெரியவில்லை, எல்லாரிடமும்தான். அவளுக்கு நடிப்பு நன்றாக வரும். வாத்தியாரைச் செய்வாள், அத்தையைச் செய்வாள், மாட்டைச் செய்வாள். அப்பாவைச் செய்கிறாள். இனிமேல் கிண்டல் செய்யாதே என்று ஒருநாளும் சொல்லமாட்டேன், வாழ்நாள் முழுக்க யாரை வேண்டுமானாலும் செய்துகாட்டட்டும், இது ஒன்று மட்டும் நடிப்பாக இருக்கட்டும்.

வீட்டு வாசலில் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கம்மி, காற்றும் சத்தமுமாய், பாதியில் உடைந்துபோகிற கதறல்.

தொழுவம். தொழுவத்திலிருந்துதான். தாய்மாட்டுக்கும் வந்துவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் தொழுவத்துக்கு ஓடினாள்.

மாடுகள் சும்மா நின்றன. ஒன்றுகூட அசை போடவில்லை. எல்லா மாடுகளும் ஒரே பக்கம் தலையைத் திருப்பி, காதை விறைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தன.

வீட்டுப் பக்கம்.

நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "அண்ணி," என்றாள். "அவ நிறுத்தமாட்டேங்கிறா. போதும்னு சொன்னாலும் நிறுத்தமாட்டேங்கிறா."

உள்ளே இருட்டு. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. இடுக்குகளில் பள்ளிக்கூடச் சட்டை, பாவாடை, தலையணை உறை, கைக்கு அகப்பட்டதெல்லாம் திணித்திருந்தது. சின்னக் கை போகிற இடுக்குகூட விடவில்லை. விசிறி நின்றிருந்தது. தரையில் டம்ளர்கள். பால் டம்ளர். தண்ணீர் டம்ளர். சர்க்கரை போட்ட தண்ணீர். கெஞ்சிக் கொடுத்தவை, மிரட்டிக் கொடுத்தவை. எல்லாம் நிறைந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொருள் மூடிவைத்திருந்தது. தட்டு. புத்தகம். செருப்பு. தண்ணீர் கண்ணில் படாமலிருக்க.

மூலையில் பொடிசு. கழுத்தைச் சுற்றி அப்பாவின் துண்டு. மணிக்கட்டு ரத்தமாயிருந்தது.

"பொடிசு. அம்மா வந்துட்டேன்டா. திட்டமாட்டேன். நடிச்சது போதும்."

பொடிசு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் அன்று விடியற்காலையில் தொழுவத்து வாசலில் பார்த்திருந்தாள்.

"அம்மா," என்றாள். வாயோரம் நூலாய் வழிந்தது. "காத்து வருது. கதவ மூடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கதவு திறந்திருந்தது. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

கதவில் கை வைத்தாள். அந்த அசைவிலும் காற்று எழும்பிவிடாதபடி, மெல்ல, மிக மெல்ல மூடினாள்.